இரண்டு தளங்கள், ஒரு டேட்டாபேஸ்: சாவியைக் கொடுக்காமல் தகவலைக் கொடுப்பது எப்படி?

"தம்பி, அவங்க வெப்சைட் பாக்குறவர் நம்ம டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் கேக்குறார். அனுப்பிடவா?"

ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் அமைப்பின் செயலாளர் அண்ணனிடமிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தி இது. சிங்கப்பூரில் ஒரு சிறிய தமிழ் அமைப்பின் இணையத்தளத்தை நான் ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்கிறேன். அறுநூற்றுச் சொச்சம் உறுப்பினர்களின் பட்டியல் எங்களிடம் இருக்கிறது. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்காக எங்களோடு சேர்ந்து நிகழ்ச்சி நடத்தும் இன்னோர் அமைப்பிடம் நுழைவுச்சீட்டு விற்கும் தளம் இருக்கிறது. எங்கள் உறுப்பினர்களுக்குச் சீட்டில் 5 வெள்ளி தள்ளுபடி என்று பேசி முடித்திருந்தார்கள். சீட்டு வாங்குகிறவர் உண்மையிலேயே எங்கள் உறுப்பினர்தானா என்பது அந்தத் தளத்துக்குத் தெரியவேண்டும். தேவை அவ்வளவுதான். கேட்டதோ பாஸ்வேர்ட்.

"வேண்டாம், அனுப்பாதீங்க அண்ணே" என்று உடனே பதில் போட்டேன். ஏன் வேண்டாம், வேறு எப்படிச் செய்யலாம் என்று அன்று மாலை தேக்காவில் டீ குடித்துக்கொண்டே அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரியாதவர்களும் படிக்கலாம். கொடுக்கலாமா வேண்டாமா என்று பெரும்பாலான அமைப்புகளில் முடிவெடுப்பவர்கள் அவர்கள்தானே.

முதலில் இரண்டு சொற்கள். சர்வர் என்பது இரவு பகலாக இயங்கிக்கொண்டு, யாராவது கேட்டால் பதில் சொல்லும் கணினி. டேட்டாபேஸ் என்பது அதற்குள் இருக்கும் பதிவேடு: வரிசை வரிசையாகப் பெயர், முகவரி, தொலைபேசி எண், சந்தா கட்டிய தேதி. இணையத்தளமும் டேட்டாபேஸும் ஒரே சர்வரில் இருந்தால் சிக்கல் குறைவு. ஒரே வீட்டுக்குள் இருக்கும் இருவர் பேசிக்கொள்வது போல. எங்கள் விஷயத்தில் தளங்கள் இரண்டும் வெவ்வேறு நிறுவனங்களின் சர்வர்களில் இருந்தன. அவர்களுடையது சிங்கப்பூரிலேயே இல்லை. நடுவே இருப்பது பொது இணையம்.

இந்த நிலையில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, அவர்களின் தளத்தை நேராக எங்கள் டேட்டாபேஸுடன் இணைப்பது. அதற்குத்தான் பாஸ்வேர்ட் கேட்டார்கள். எங்களுடையது மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். அது வழக்கமாக 3306 என்ற எண்ணுள்ள வாசலில் காத்திருக்கும். அந்த வாசலைப் போர்ட் என்பார்கள். ஒழுங்காக அமைத்த சர்வரில் அந்த வாசல் வெளியுலகத்துக்குத் திறந்திருக்காது, அதே கணினிக்குள்ளிருந்து வருகிறவருக்குத்தான் திறக்கும். அதன் செட்டிங்ஸ் கோப்பில் ஒரு வரியை மாற்றி, வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வாலிலும் வழிவிட்டால் போதும், வெளியிலிருந்தும் வரலாம்.

சில வருடங்களுக்கு முன் வேறொரு வேலைக்காக நானே அப்படித் திறந்துவைத்தேன், ஒரே ஒரு இரவுக்கு. யார் வந்து தட்டினார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் பதிவுக் கோப்பை மறுநாள் காலை பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் 'ரூட்', 'அட்மின்', 'டெஸ்ட்' என்று பெயர் மாற்றி மாற்றிக் கதவைத் தட்டியிருந்தார்கள். எங்கள் சிறிய அமைப்பின் மேல் யாருக்கும் தனிப்பட்ட ஆர்வம் கிடையாது. இணையத்தில் கணினிகளுக்கு இருக்கும் முகவரிகளில் பழைய வகையான ஐபிவி4 மொத்தமே ஏறக்குறைய 430 கோடி. நல்ல இணைய வேகம் இருந்தால், அவை அத்தனையிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்று ஒரு மணி நேரத்துக்குள் தட்டிப் பார்க்கும் கருவிகள் 2013 முதலே இலவசமாகக் கிடைக்கின்றன. 'நம்ம சின்ன தளத்தை யார் பார்க்கப்போகிறார்கள்' என்பது மனிதர்களை வைத்துப் போடும் கணக்கு. தட்டுவது இயந்திரம், அதற்குச் சின்னதும் பெரியதும் ஒன்றுதான்.

சரி, கடினமான பாஸ்வேர்ட் வைத்து, அவர்களுடைய சர்வர் முகவரிக்கு மட்டும் வழிவிட்டால்? ஆபத்து குறையும், உண்மைதான். ஆனாலும் அடிப்படைத் தவறு அப்படியே இருக்கிறது. அவர்களுக்குத் தேவை 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற ஒரு சொல். அந்தப் பாஸ்வேர்டு கொடுப்பதோ எல்லோருடைய வீட்டு முகவரியையும், பிறந்த தேதியையும், அவற்றை அழிக்கும் அதிகாரத்தையும். நாளை அவர்களின் தளத்தில் ஒருவன் புகுந்தால் எங்கள் டேட்டாபேஸிலும் புகுந்துவிட்டான் என்று பொருள். அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் இது மாறாது.

இங்கே 2018ல் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பொது மருத்துவமனைகளை நடத்தும் சிங்ஹெல்த் குழுமத்தின் மீதான இணையத் தாக்குதலில் 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி போன்றவை திருடப்பட்டன. அவர்களில் ஏறக்குறைய 1 லட்சத்து 60 ஆயிரம் பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்து விவரங்களும் போயின. விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் பொதுமக்களுக்காக வெளியிடப்பட்டது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் சில சர்வர்களுக்கும் நோயாளிப் பதிவு டேட்டாபேஸுக்கும் நடுவே ஓர் இணைப்பு வசதிக்காகத் திறந்தே வைக்கப்பட்டிருந்தது, அதற்கான தேவை இருக்கவில்லை என்பது அதன் முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று. தாக்குதலுக்குக் காரணங்கள் பல. ஆனால் டேட்டாபேஸ் பக்கம் ஒரு வழியைத் திறக்கச் சொல்லி யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரிதான் நினைவுக்கு வருகிறது.

அண்ணனுக்குச் சொன்ன உதாரணம் சிராங்கூன் சாலை நகைக்கடை. சங்கிலி பார்க்கவேண்டும் என்று போகிறோம். கடைக்காரர் பெட்டகச் சாவியை நம் கையில் கொடுத்து 'உள்ளே போய்ப் பார்த்துக்கோங்க' என்று சொல்வதில்லை. என்ன வேண்டும், எத்தனை பவுனில் வேண்டும் என்று கேட்கிறார். உள்ளே போய், அந்த நாலைந்து சங்கிலிகளை மட்டும் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவருகிறார். பெட்டகம் எங்கே இருக்கிறது, அதில் இன்னும் என்னென்ன இருக்கின்றன என்று நமக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை.

இரண்டு தளங்களுக்கு நடுவே அந்தத் தட்டைக் கொண்டுவரும் ஆள்தான் ஏபிஐ. டேட்டாபேஸுக்கு முன்னால் நாம் எழுதி வைக்கும் ஒரு சிறு நிரல் அது. இன்ன கேள்வியை இன்ன வடிவில் கேட்டால், இன்ன பதிலைத் தருவேன் என்று அது ஒப்புக்கொண்டிருக்கும். வேறு எதைக் கேட்டாலும் கையை விரித்துவிடும்.

நீங்கள் தினமும் அப்படியொன்றைப் பயன்படுத்துகிறீர்கள். பஸ் எப்போது வரும் என்று காட்டும் செயலிகளில் பலவற்றை எழுதியவர்கள் தனிநபர்கள், நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஊழியர்கள் அல்லர். ஆணையம் டேட்டாமால் என்ற பெயரில் ஏபிஐகளை வைத்திருக்கிறது. பதிவு செய்துகொண்டால் ஒரு சாவி தருவார்கள். கணினிக்குக் கொடுக்கும் நீளமான கடவுச்சொல் அது. செயலி அந்தச் சாவியோடு ஐந்து இலக்க பஸ் நிறுத்த எண்ணை அனுப்புகிறது. அடுத்து வரும் மூன்று பஸ்களின் நேரம், இடம் இருக்கிறதா, சக்கர நாற்காலி ஏறுமா, ஒற்றைத் தட்டா இரட்டைத் தட்டா என்ற விவரங்கள் திரும்பி வருகின்றன. பஸ் ஓட்டுநர் யார் என்று வருவதில்லை. ஆணையத்தின் டேட்டாபேஸ் என்ன வகை என்பது செயலி எழுதியவருக்குத் தெரியாது. நாளைக்கு அதையே மாற்றினாலும், பதிலின் வடிவம் மாறாதவரை செயலி பாட்டுக்கு ஓடும். ஏபிஐயின் இந்த இரண்டாவது பயனைப் பலர் கவனிப்பதில்லை. நேரடி இணைப்பில் நான் டேட்டாபேஸ் அட்டவணையில் ஒரு பத்தியின் (காலம்) பெயரை மாற்றினால்கூட அடுத்தவர் தளம் படுத்துவிடும்.

ஆக, செய்யவேண்டிய முதல் வேலை நிரல் எழுதுவது இல்லை. ஒரு தாளை எடுத்து, அவர்களுக்கு உண்மையில் எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று எழுதுவதுதான். நாங்கள் எழுதியது: 'இந்த உறுப்பினர் எண்ணும் இந்தக் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் உள்ளவர்' என்று தொடங்கி, உடனே அடித்தோம். தமிழர்களுக்கு ஏது குடும்பப் பெயர்? பிறகு 'இந்த உறுப்பினர் எண்ணும் இந்தப் பிறந்த மாதமும் உள்ள ஒருவர், இன்றைய தேதியில் சந்தா நிலுவை இல்லாத உறுப்பினரா?' என்று முடிந்தது. பதில் ஆம் அல்லது இல்லை. பெயர்கூட வேண்டாம், அதை வாங்குகிறவரே அவர்கள் தளத்தில் எழுதப்போகிறார்.

பிறந்த மாதம் எதற்கு என்று அண்ணன் கேட்டார். எங்கள் உறுப்பினர் எண்கள் 1, 2, 3 என்று வரிசையாகப் போகின்றன. எண்ணை மட்டும் கேட்டால், சும்மா 250 என்று போட்டுப் பார்த்தே தள்ளுபடி வாங்கிவிடலாம். இரண்டாவது விவரம் கேட்டால் ஊகிப்பது கடினம். எண் தவறானாலும், மாதம் தவறானாலும், சந்தா நிலுவை இருந்தாலும் பதில் ஒரே மாதிரி 'இல்லை'தான். 'எண் சரி, மாதம் தப்பு' என்று உதவி செய்யப்போனால், ஊகிக்கிறவனுக்குப் பாதி வழியை நாமே காட்டிக்கொடுத்ததாகிவிடும். சந்தா கட்டாதவர் யார் என்பதும் வெளியே தெரியவேண்டாமே. மாதங்கள் பன்னிரண்டுதான் என்பதால் ஓர் எண்ணுக்கு ஒரு மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் கேட்டால் பதில் நிறுத்தப்படும் என்றும் வைத்தோம்.

இனி, கேள்வியும் பதிலும் பாதுகாப்பாகப் போய் வருவது. இதில் பாதி எச்டிடிபிஎஸ். வங்கித் தளத்தில் பார்க்கும் அதே பூட்டுதான். வழியில் யாரும் படிக்க முடியாமல் மறைகுறியாக்குவது ஒரு வேலை. எதிரே பதில் சொல்வது உண்மையிலேயே அந்தச் சர்வர்தானா என்று சான்றிதழைப் பார்த்து உறுதிசெய்வது இன்னொரு வேலை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் சான்றிதழை இலவசமாகவே தருகிறது, செலவு ஒரு சாக்கு இல்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சோதிக்கும்போது சான்றிதழ் பிழை வந்தால், நிரலில் சரிபார்ப்பையே அணைத்துவிடச் சொல்லும் யோசனை தேடிய உடனே கிடைக்கும். பிழை மறைந்துவிடும், வேலையும் ஓடும். ஆனால் எதிரே இருப்பது யார் என்று பார்க்காமல் ரகசியத்தை ஒப்படைக்கிற பழக்கம் அன்றோடு தொடங்கிவிடும். அதைச் செய்யாதீர்கள். சான்றிதழைச் சரிசெய்யுங்கள்.

கேட்பவர் யார் என்று நமக்குத் தெரியவேண்டியது மறுபாதி. அதற்குத்தான் சாவி. ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனிச் சாவி கொடுக்கவேண்டும். ஒன்று வெளியே கசிந்தால் அதை மட்டும் ரத்து செய்யலாம், மற்றவர்களுக்குத் தொல்லை இல்லை.

சாவி எங்கே இருக்கவேண்டும் என்பதில்தான் தொடங்குகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். இணையப் பக்கத்தோடு பார்வையாளரின் உலாவிக்கு (பிரவுசர்) வந்து ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் வைக்கக்கூடாது. உலாவிக்குப் போன எதையும் பார்வையாளர் பார்க்க முடியும். வலது சொடுக்கு போட்டு மூலத்தைத் திறந்தால் சாவி பல்லிளிக்கும். ஆகவே வாங்குகிறவரின் உலாவி எங்களிடம் நேராகப் பேசவே கூடாது. அவர் தம் எண்ணை அவர்களின் சர்வருக்கு அனுப்புவார். அந்தச் சர்வர் தன்னிடம் உள்ள சாவியோடு எங்கள் சர்வரிடம் கேட்கும். 'எங்கள் தளத்திலிருந்து மட்டும் வரலாம் என்று உங்கள் சர்வரில் கார்ஸ் விதி போட்டுவிட்டால் போதாதா' என்று அவர்களின் தன்னார்வலர் கேட்டார். நல்ல கேள்வி. கார்ஸ் என்பது உலாவிகள் மதித்து நடக்கும் விதி. உலாவியே இல்லாமல் நிரலிலிருந்து கேட்கிறவனை அது தடுக்காது. அப்புறம், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் போன்ற தளத்தில் நிரலை ஏற்றும்போது சாவியையும் சேர்த்து ஏற்றிவிடக் கூடாது. பிறகு அழித்தாலும் பழைய பதிப்புகளில் இருக்கும். ஏறிவிட்டால் சாவியை மாற்றுவது ஒன்றே வழி.

இன்னும் ஒரு படி மேலே போகலாம்: சாவியை அனுப்பாமலே, சாவி தன்னிடம் இருப்பதை நிரூபிப்பது. எச்மேக் என்பது இதற்கான முறை. கேள்வியையும், கேட்கும் நேரத்தையும், இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியத்தையும் ஒரு கணக்கில் போட்டால் நீளமான ஒரு குறியீடு கிடைக்கும். அவர்கள் கேள்வி, நேரம், குறியீடு மூன்றையும் அனுப்புவார்கள். ரகசியத்தை அனுப்ப மாட்டார்கள். நாங்கள் இங்கே அதே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குறியீடு ஒத்துப்போனால் ரகசியம் தெரிந்தவர்தான் கேட்கிறார். வழியில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ஒத்துப்போகாது. நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் நிராகரிப்போம், இல்லையென்றால் ஒருமுறை பிடித்த கேள்வியை ஒருவன் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கலாம். எங்கள் அளவுக்கு இது அதிகம் என்று சிலர் சொல்லலாம். பத்து இருபது வரி நிரல்தான், செய்துவிடுவது மேல் என்பது என் கருத்து.

வாசலில் இவ்வளவு செய்தபிறகும் உள்ளே ஒரு பூட்டு வேண்டும். ஏபிஐ நிரல் டேட்டாபேஸுக்குள் போகப் பயன்படுத்தும் கணக்குக்கு எல்லா அதிகாரமும் கொடுக்கக் கூடாது. நாங்கள் 'வியூ' ஒன்றைச் செய்தோம். முழு அட்டவணையிலிருந்து மூன்று பத்திகளை மட்டும் காட்டும் சன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண், பிறந்த மாதம், சந்தா முடியும் தேதி. அந்தச் சன்னலைப் படிக்க மட்டும் அனுமதியுள்ள ஒரு தனிக் கணக்கு. என் நிரலில் ஓட்டை இருந்து ஒருவன் நுழைந்தாலும் அவனுக்குக் கிடைப்பது அந்த மூன்று பத்திதான், எதையும் அழிக்கவும் முடியாது. வெளியிலிருந்து வரும் எண்ணை டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் எஸ்க்யூஎல் வாக்கியத்தில் அப்படியே ஒட்டாமல், கட்டளையையும் எண்ணையும் தனித்தனியே கொடுக்கும் 'பிரிபேர்ட் ஸ்டேட்மென்ட்' வழியாகக் கொடுக்கவும் வேண்டும். இல்லையென்றால் எண்ணுக்குப் பதிலாக ஒருவன் கட்டளையையே எழுதி அனுப்புவான், டேட்டாபேஸ் அதற்குக் கீழ்ப்படியும்.

இடையில் இன்னொரு யோசனையும் வந்தது, நல்லெண்ணத்தோடுதான். 'எல்லா உறுப்பினர்களின் கைப்பேசி எண்களையும் ஹேஷ் செய்து ஒரு பட்டியலாகக் கொடுத்துவிடுங்கள், நாங்களே ஒப்பிட்டுக்கொள்கிறோம், ஹேஷைத் திருப்ப முடியாதே' என்றார்கள். ஹேஷ் என்பது எதைப் போட்டாலும் அடையாளம் தெரியாமல் அரைத்துத் தரும் கணக்கு. அரைத்ததைத் திருப்ப முடியாது என்பது உண்மை. ஆனால் சிங்கப்பூரில் கைப்பேசி எண் எட்டு இலக்கம், தொடங்குவது 8 அல்லது 9ல். ஆகக்கூடி 2 கோடி எண்கள்தான் சாத்தியம். அந்த 2 கோடியையும் அரைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது சாதாரண மடிக்கணினிக்குச் சில நிமிட வேலை. அடையாள அட்டை எண்ணும் அப்படியே: நடுவில் ஏழு இலக்கம், கடைசி எழுத்து அந்த இலக்கங்களிலிருந்து வரும் சோதனை எழுத்து. ஒரு முன்னெழுத்துக்கு 1 கோடி சாத்தியம். சாத்தியங்கள் குறைவாக இருக்கும் எதையும் ஹேஷ் மறைக்காது. இதை அவர்களுக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டியபிறகுதான் பேச்சு நின்றது.

சட்டத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் 'நாம என்ன கம்பெனியா' என்று பல அமைப்புகள் நினைக்கின்றன. 2012ன் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களோடு சங்கங்களுக்கும் பொருந்தும். எந்த நோக்கத்துக்காக விவரம் வாங்கினோமோ அதைத் தாண்டி இன்னொருவருக்குக் கொடுப்பதற்கு உறுப்பினரின் சம்மதம் வேண்டும். எங்கள் படிவத்தில் ஒரு வரி சேர்த்து, விழாவுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிவித்தோம். தகவல் வெளிநாட்டுச் சர்வருக்குப் போனால், இங்குள்ளதற்கு ஈடான பாதுகாப்பு அங்கேயும் இருப்பதை அனுப்புகிறவர் உறுதிசெய்யவேண்டும். ஆம், இல்லை என்பதோடு நின்றதால் எங்களுக்கு இந்தச் சுமை மிகவும் குறைந்தது. 2021 பிப்ரவரி முதல், 500 பேரையோ அதற்கு மேலோ பாதிக்கும் தகவல் கசிவை உறுதிசெய்த மூன்று நாட்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்கவேண்டும் என்ற விதியும் இருக்கிறது. எங்கள் பட்டியல் 600க்கு மேல். அந்த எண்ணைச் சொன்னதும் அண்ணன் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

இவ்வளவும் தனிநபர் தகவலுக்குத்தான். எல்லாவற்றையும் இப்படிப் பூட்டத் தேவையில்லை. அதே விழாவுக்கான எங்கள் நிகழ்ச்சிப் பட்டியலை அவர்கள் தளத்தில் காட்டவும் கேட்டார்கள். அதற்கு ஏபிஐ, சாவி ஒன்றும் செய்யவில்லை. நள்ளிரவில் டேட்டாபேஸிலிருந்து தேதி, இடம், தலைப்பு மூன்றையும் நிரல்கள் எளிதில் படிக்கக்கூடிய ஜேசன் வடிவக் கோப்பாக எழுதி எங்கள் தளத்தில் பகிரங்கமாக வைத்துவிடுகிறோம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அதிகம் பேர் எடுத்தால் அதிகம் பேர் நிகழ்ச்சிக்கு வருவார்கள்.

எங்கள் சர்வர் தூங்கிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. மூன்று நொடிக்குள் பதில் வராவிட்டால் காத்திருக்க வேண்டாம் என்று அவர்கள் நிரலில் வைத்தார்கள். அதற்குப் பிறகு தள்ளுபடி கொடுப்பதா, மறுப்பதா? இதை நிரல் எழுதுகிறவர் தீர்மானிக்கக் கூடாது என்று அண்ணனிடமே விட்டேன். "5 வெள்ளிதானே, குடுத்துடச் சொல்லு. நம்ம மெஷின் தூங்கினதுக்கு வாங்க வர்றவரை ஏன் அலையவிடணும்?" என்றார். மருத்துவப் பதிவோ பணப் பரிமாற்றமோ என்றால் நேர் எதிராக, பதில் வராவிட்டால் மறுப்பு என்று வைத்திருப்போம்.

விழா முடிந்த மறுநாள் பதிவுக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் சர்வரைத் தவிர வேறு யாருக்கும் ஒரு பதில்கூடப் போகவில்லை. அவர்களின் சாவியை ரத்து செய்தேன், டேட்டாபேஸில் அந்தத் தனிக் கணக்கையும் முடக்கினேன். அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன்: "கதவு பூட்டியாச்சு அண்ணே. அடுத்த ஏப்ரலுக்குப் புதுச் சாவி."